வள்ளி வந்த வழியில்...

முகூர்த்த நாள் என்றால் திருச்செந்தூர் விடியும் முன்பே நிறைந்துவிடும். கோயிலுக்குப் போகிற சாலையில் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். பட்டுச்சேலையும் வேட்டியும் சரசரக்க உறவுக்கூட்டம் சண்முக விலாசத்தை நோக்கி நகரும். ஒரு பக்கம் நாகஸ்வரம், மறுபக்கம் கடல் இரைச்சல். அந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு வகை ஜோடியும் இருக்கும். கொஞ்சம் நின்று பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். மாப்பிள்ளையோடு நண்பர்கள் நாலைந்து பேர். பெண்ணோடு ஒரு தோழி, சில நேரம் அவளும் இல்லை. மாலை வாங்கிய கடையிலேயே பூவும் வாங்கித் தலையில் வைத்திருப்பாள். கழுத்தில் தங்கம் இராது. மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு விரலி மஞ்சள். தாலி ஏறிய கையோடு செல்போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்புவார்கள். பிறகு, என்ன பதில் வரப்போகிறதோ என்று திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தவர்களுக்குத் தென்மாவட்டங்களில் முதலில் நினைவுக்கு வருகிற ஊர்களில் ஒன்று திருச்செந்தூர். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். எந்த நேரமும் கூட்டம் இருக்கும் ஊர் என்பதால் புதுமுகங்களை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இங்கே இருப்பது முருகன். வீட்டாரை மீறி, பின்னால் துரத்தி வந்த படையையும் மீறி, தான் நேசித்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன தெய்வம்.

அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால், நம்பிக்கையோடு வருகிற பிள்ளைகளில் பலர் கையில் சரியான காகிதம் ஒன்றுகூட இல்லாமல் வருகிறார்கள் என்பதுதான் கவலை. தாலி கட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆபத்தான நாட்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

குகையும் குன்றும்

அறுபடை வீடுகளில் கடலோரம் இருப்பது திருச்செந்தூர் ஒன்றுதான். மற்ற வீடுகளைப்போல இங்கே மலை இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. உள்ளூரில் கேட்டால் மறுப்பார்கள். கோயில் நிற்பதே கந்தமாதன பர்வதம், சந்தனமலை என்று அழைக்கப்படும் மணற்குன்றில்தான். கோயிலுக்கு வடக்கே கடலைப் பார்த்தபடி அந்தக் குன்றின் மிச்சம் நிற்கிறது. அதைக் குடைந்த சிறிய குகைக்குள் வள்ளி இருக்கிறாள். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே காற்று குறைவு, வியர்த்துக் கொட்டும். அப்பா நம்பிராஜனின் ஆட்கள் துரத்தி வந்தபோது வள்ளி ஒளிந்திருந்த இடம் இது என்பது இந்த ஊர் நம்பிக்கை.

கோயிலுக்கு வருகிறவர்கள் நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு, வள்ளி குகையையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்காக அம்மா வேண்டிக்கொள்கிறாள். பங்குனி உத்திரத்தன்று வள்ளிக்குத் திருக்கல்யாணம் நடக்கிறது. ஐப்பசியில் கந்தசஷ்டி முடிந்த மறுநாள் தெய்வானைக்கு நடப்பது அப்பா சம்மதித்துக் கொடுத்த கல்யாணம். வள்ளியுடையது அப்படியல்ல. இரண்டையும் ஊர் ஒரே பக்தியோடு கொண்டாடுகிறது.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் வள்ளி திருமணப் படலத்தை நிதானமாகப் படித்துப் பார்த்தால், இன்றைய காவல் நிலையப் புகாரில் வருகிற எல்லாமே அதில் இருக்கின்றன. தினைப்புனத்தில் சந்திப்பு. உடன் இருக்கும் தோழிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. சந்தேகம் வந்ததும் பெண்ணை வீட்டுக்குள் வைக்கிறார்கள். இரவில் அவள் வெளியேறுகிறாள். விடிந்ததும் அப்பாவும் அண்ணன்மாரும் ஆயுதங்களோடு தேடிப் புறப்படுகிறார்கள். சண்டையில் அவர்கள் சாய்கிறார்கள். அங்கேதான் கதை திரும்புகிறது. வள்ளியின் கையால் அவர்கள் எல்லாரும் உயிர் பெற்று எழுகிறார்கள். எழுந்த நம்பிராஜன், ஊருக்கு வாருங்கள், எங்கள் முன்னிலையில் கல்யாணம் நடக்கட்டும் என்று அழைக்கிறான். முருகனும் வள்ளியும் திரும்பிப் போகிறார்கள். குறவர் குடியில் கல்யாணம் நடக்கிறது. காதலர்களையும் அப்பாவையும் சேர்த்தே கரை சேர்த்திருக்கிறார் கச்சியப்பர்.

இதே வட்டாரத்தில் இன்னொரு கதையும் உண்டு. அது இப்படிக் கரை சேரவில்லை.

மலையில் ஒரு பட்டவராயன்

திருச்செந்தூருக்கு வடக்கே புன்னக்காயலில் கடலோடு சேரும் தாமிரபரணி, மேற்கே பொதிகை மலையில் பிறக்கிறது. பாபநாசத்தைத் தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடி வழியாக மேலே போனால், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. ஆடி அமாவாசைக்குத் தென்மாவட்டமே அங்கே திரளும். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு ஜனங்கள் பட்டவராயன் சன்னதிக்கு வருவார்கள். அவருக்கு நேர்ச்சையாகக் கொடுப்பது தோல் செருப்பு.

பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் பிராமண இளைஞன். இந்த மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைப் பார்த்து மனதைக் கொடுத்தான். அவர்கள் செருப்புத் தைக்கும் குலத்து வாலப்பகடையின் பெண்கள். பெண் கேட்டு வந்தவனைப் பார்த்து வாலப்பகடை பயந்தான். உன் சாதிக்காரர்கள் எங்களை விட்டுவைப்பார்களா என்பதுதான் அவன் கவலை. பூணூலையும் குடுமியையும் விட்டு, எங்கள் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தால் பெண் தருகிறேன் என்றான். முத்துப்பட்டன் அண்ணன்மாரிடம் போய்ச் சொன்னான், அவர்கள் அடைத்துவைத்தார்கள். தப்பித்து வந்து, சொன்னபடியே செய்து, இருவரையும் மணந்தான். மணவாழ்வு நீடிக்கவில்லை. மாமனாரின் மாடுகளைக் களவாட வந்தவர்களோடு மோதிச் செத்துப்போனான். பெண்கள் தீயில் இறங்கினார்கள். வில்லுப்பாட்டில் இந்தக் கதை வரும்போது கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதை இன்றைக்கும் கொடை விழாக்களில் பார்க்கலாம். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்து, அதன் சமூகப் பின்னணியை எழுதிவைத்தவர் பேராசிரியர் நா. வானமாமலை.

இரண்டு கதைகளுக்கும் நடுவில் ஓர் ஒற்றுமை என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. கந்தபுராணத்தில் வள்ளி குறத்தியாகப் பிறக்கவில்லை. முற்பிறவியில் அவள் திருமாலின் மகள் சுந்தரவல்லி, இப்பிறவியில் மான் வயிற்றில் பிறந்து வள்ளிக்கிழங்குக் குழியில் கிடந்து நம்பிராஜன் வீட்டில் வளர்ந்தவள். முத்துப்பட்டன் கதையிலும் ஒரு பாடத்தில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று வருகிறது. இது பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்ட பகுதி என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். காதலைக் கும்பிட ஊர் தயாராக இருந்தது. பெண் கீழே நிறுத்தப்பட்ட சாதியில் பிறந்தவள் என்பதை ஏற்றுக்கொள்ள மட்டும் தயாராக இல்லை. அதனால் அவளுக்கு வேறொரு பிறப்பைத் தேடிக் கொடுத்தது. இன்றைக்கும் நடப்பது இதுதான். பையன் நல்ல வேலையில் இருந்தாலும், பெண்ணைவிட அதிகம் படித்திருந்தாலும், கடைசியில் வீட்டில் எழும் கேள்வி ‘அவங்க என்ன ஆட்க?’ என்பதுதான்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பாலைத்திணை உண்டு. காதலனோடு போன மகளைத் தேடிச் சுடுவழியில் நடக்கிற செவிலித்தாய் சங்க இலக்கியத்தில் பல இடங்களில் வருகிறாள். கலித்தொகையின் பாலைக்கலியில் அவள் எதிரே வரும் அந்தணர்களிடம், என் மகளைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். அவர்கள் ஆறுதல் சொல்ல எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் இரண்டு, மலையில் பிறக்கும் சந்தனமும் கடலில் பிறக்கும் முத்தும். பிறந்த இடத்துக்கு அவற்றால் என்ன பயன் என்று கேட்டு, அந்தத் தாயைத் திருப்பி அனுப்புகிறார்கள். கொற்கை இந்தத் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. முத்துக் குளித்த கரைக்கு இந்த ஆறுதல் புதிதல்ல.

கொல்லன் பட்டறையும் மலைப் பூங்காவும்

வெளிநாடுகளில் இப்படித் தனியே போய் மணப்பது இன்று வேறு உருவம் எடுத்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில், கூட்டம் சேர்க்காமல் இருவர் மட்டும் போய் மணந்துகொள்வது பெரிய வழக்கமாகிவிட்டது. பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். எந்த இடத்தில் நிற்கலாம், எத்தனை பேர் வரலாம் என்று விதிகள் உண்டு. அந்த மாநிலத்தில் கல்யாணத்தை நடத்திவைக்கப் பாதிரியாரோ அதிகாரியோ தேவையில்லை. உரிமப் பத்திரத்தில் மணமக்களே கையெழுத்துப் போட்டால் போதும். அங்கே திட்டமிடுவது பனி பெய்யுமா, எந்த ஏரிக்கரையில் வெளிச்சம் நன்றாக விழும் என்பதைப் பற்றி. உயிருக்குப் பயந்து யாரும் அங்கே திட்டமிடுவதில்லை.

ஆனால் ஒரு காலத்தில் இங்கிலாந்துக் காதலர்களும் ஓடியிருக்கிறார்கள். 1754-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், 21 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. எல்லை தாண்டினால் ஸ்காட்லாந்தில் அந்தக் கட்டாயம் இல்லை. சாட்சிகள் முன்னிலையில் ‘நாங்கள் மணந்துகொள்கிறோம்’ என்று சொன்னால் போதும். எல்லையை ஒட்டிய கிரெட்னா கிரீன் என்ற கிராமத்தின் கொல்லன் பட்டறை அப்படித்தான் புகழ்பெற்றது. 1856-இல், மணமக்களில் ஒருவராவது 21 நாட்கள் ஸ்காட்லாந்தில் குடியிருந்திருக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்து அந்த அவசரக் கல்யாணங்களைத் தடுத்தது. காத்திருக்கச் சொல்வதே தடுப்பதற்கான வழி என்பதை அன்றைய அரசு அறிந்திருந்தது. நம் நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு காத்திருப்பு உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் தனிச் சட்டம்

1928-இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, தீ இல்லை, ஏழடி இல்லை. அதன்பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. ஆனால் 1950-களில் தெய்வானை ஆச்சி என்பவர் தொடர்பான வழக்கில், சடங்கில்லாத இந்தத் திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே குழந்தை குட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்த குடும்பங்கள் ஒரே தீர்ப்பில் அந்தரத்தில் நின்றன.

அதைச் சரிசெய்தது அண்ணா. 1967-இல் முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை நிறைவேற்றினார். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அது முழுமையான திருமணம். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் அதே சட்டம் செல்லுபடி தந்தது.

பலருக்கு இதன் அருமை தெரிவதில்லை. வீட்டை விட்டு வந்த ஒரு ஜோடிக்குக் கோயில் வேண்டியதில்லை, மண்டபம் வேண்டியதில்லை. இரண்டு நண்பர்கள் சாட்சியாக நின்றால் போதும். 2014-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, வழக்கறிஞர் அறைகளில் ரகசியமாக நடத்தப்படும் திருமணங்கள் செல்லாது என்று சொன்னதால் ஒன்பது ஆண்டுகள் குழப்பம் நீடித்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. குடும்பத்தின் எதிர்ப்பால் ஊரறியக் கல்யாணம் செய்ய முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பகிரங்கமாக மணக்கச் சொன்னால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று நீதிபதிகள் எடுத்துச் சொன்னார்கள். வழக்கறிஞர்கள் நண்பர்களாகவோ உறவினர்களாகவோ நின்று நடத்திவைக்கத் தடையில்லை.

புறப்படும் முன்

இனி, சொல்லியே ஆக வேண்டியவை.

வயதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு நாள் குறைந்தாலும் அவளுடைய சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே இல்லை. பையன் மீது ஆள்கடத்தல் வழக்கும் போக்சோ வழக்கும் பாயும். பதினேழு வயதில் ‘என்னைக் கூட்டிட்டுப் போ’ என்று அழுகிற பெண்ணை உண்மையாக நேசிக்கிறவன் காத்திருக்க வேண்டும். வீட்டில் அவளுக்குக் கட்டாயக் கல்யாணம் பேசுகிறார்கள் என்றால் அழைக்க வேண்டிய எண் 1098. அதைத் தடுத்து நிறுத்த அரசுக்குக் கடமை இருக்கிறது.

அடுத்தது சான்றிதழ். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்று எல்லாம் வீட்டு பீரோவில், சாவி அம்மாவின் இடுப்பில். பெண்கள் அவசரத்தில் கட்டின துணியோடு வந்துவிடுகிறார்கள். பிறகு வயதை நிரூபிக்க முடியாமல் காவல் நிலையத்தில் திணறுகிறார்கள். மூலச் சான்றிதழ்களை எடுத்து வர முடியாவிட்டாலும், டிஜிலாக்கரில் முன்கூட்டியே பதிவேற்றிக்கொள்ளலாம். நகலை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம்.

அறநிலையத் துறைக் கோயில்களில் முறைப்படி மணக்க, ஆதார், வயதுச் சான்று இவற்றோடு இது முதல் திருமணம் என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் சான்றையும் கேட்பது வழக்கம். அந்தச் சான்றுக்கு ஊரில் போய் நின்றால் அன்று மாலையே விஷயம் வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் சில ஜோடிகள் கோயிலுக்கு வெளியே, கடற்கரையில் நின்று, 137 அடி கோபுரத்தைப் பார்த்தபடி தாலி கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் இருவரும் இந்துக்கள் என்றால், பக்கத்தில் சாட்சிகள் இருந்து, ஏற்பதாக வாய்விட்டுச் சொல்லியும் இருந்தால், அது 7-ஏ பிரிவின் கீழ் செல்லும். சாட்சிகளின் பெயர், முகவரி, கையெழுத்து, அந்த இடத்தின் புகைப்படம் ஆகியவை இல்லாவிட்டால் நிரூபிப்பது கடினம்.

இருவரும் இந்துக்கள் என்றால், என்று எழுதினேன். இந்தக் கடற்கரையில் அது சாதாரண நிபந்தனையல்ல. திருச்செந்தூரை அடுத்து வீரபாண்டியன்பட்டினம், தெற்கே மணப்பாடு எல்லாம் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்க ஊர்கள். வடக்கே காயல்பட்டினம் முஸ்லிம் நகரம். ஒரே பேருந்தில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இவர்கள். ஓர் இந்துப் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும் முருகன் சன்னதியில் தாலி கட்டிக்கொண்டால் அது இந்துத் திருமணச் சட்டப்படி செல்லாது. ஊர் ஏற்றுக்கொண்டாலும் சொத்து, வாரிசு என்று வரும்போது அவள் தெருவில் நிற்க நேரும். ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் வழி உண்டு. மதம் மாறாமல் மணக்க எல்லாருக்கும் பொதுவான வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

அந்தச் சட்டத்தில்தான் கிரெட்னா கிரீனை நினைவூட்டும் காத்திருப்பு இருக்கிறது. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாட்களாவது குடியிருந்திருக்க வேண்டும். பிறகு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். 30 நாட்கள் ஆட்சேபத்துக்காகக் காத்திருக்க வேண்டும். பெயர், வயது, முகவரி எல்லாம் அதில் இருக்கும். பத்திரம் பதிய வந்த ஒரு சொந்தக்காரர் பார்த்தால் போதும், விஷயம் வீட்டுக்குப் போய்விடும். பாதுகாப்பாக மணக்க உதவ வேண்டிய சட்டம் காட்டிக்கொடுக்கும் வேலையைச் செய்கிறது. மணமக்கள் விரும்பினால் மட்டுமே நோட்டீஸை வெளியிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் இன்னமும் சுவரில் ஒட்டுகிறோம். சட்டத்திலிருந்தே இந்தப் பிரிவு நீக்கப்பட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எந்தச் சட்டப்படி மணந்தாலும் பதிவு முக்கியம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு 150 நாட்கள் வரை அவகாசம். மணந்த இடத்துக்கு உட்பட்ட அலுவலகத்தில் மட்டுமே பதிய முடியும் என்றிருந்தது, 2020-இல் திருத்தப்பட்டு, மணமக்கள் குடியிருக்கும் பகுதியிலும் பதியலாம் என்றானது. அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். கைகலப்பு ஆன பிறகு, வழக்கு வந்த பிறகு, அந்தச் சான்றிதழ்தான் பேசும்.

காவல் நிலையத்து மேஜை

‘காதல் ஜோடி போலீஸில் தஞ்சம்.’ மாவட்டச் செய்திப் பக்கத்தில் இந்தத் தலைப்பு இல்லாத வாரம் குறைவு. அந்தத் தஞ்சத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெண் வீட்டார் ஏற்கெனவே ‘மகளைக் காணவில்லை’ என்று புகார் கொடுத்திருப்பார்கள். ஜோடி வந்ததும் இரு வீட்டாரையும் நிலையத்துக்கு அழைப்பார்கள். அம்மா காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அப்பா, ‘நீ இப்ப வந்துரு, ரெண்டு மாசத்துல நாங்களே முறைப்படி செஞ்சு வைக்கோம்’ என்பார். வெளியே சாலையோரம் சித்தப்பா, மாமன் மக்கள் என்று பத்து இருபது பேர் நிற்பார்கள். எழுத்துப்பூர்வமாக எதுவும் இல்லாமல், ‘பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் பெண்ணை வீட்டாரோடு அனுப்பிவைப்பதும் நடக்கிறது. அப்படிப் போன சில பெண்கள் மறுபடி கல்லூரிக்கு வந்ததே இல்லை.

அதை அனுமதிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. 2006-இல் லதா சிங் வழக்கிலும், 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கிலும், 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின், சாதியின் சம்மதம் தேவையில்லை, அவர்களைப் பாதுகாப்பது காவல்துறையின் கடமை. சக்தி வாகினி தீர்ப்பு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லங்களைப் பற்றியும், கடமை தவறும் அதிகாரிகள் மீதான நடவடிக்கை பற்றியும் பேசுகிறது.

ஆகவே, போகும்போது மனுவை எழுத்தில் கொண்டு போங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பியதன் நகல் கையில் இருக்கட்டும். நிலையத்தில், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்துவராதீர்கள். கூடவே ஒரு வழக்கறிஞர் இருந்தால் நல்லது. காசில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். பெண்களுக்கு 181 உண்டு. யாராவது பெண்ணை அடைத்துவைத்தால் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். அங்கே நீதிபதி பெண்ணிடம்தான் கேட்பார், அப்பாவிடம் அல்ல.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாலி ஏறும் வரை ரகசியம் காக்கலாம். அதன் பிறகு ரகசியம் ஆபத்து. எங்கே இருக்கிறீர்கள் என்பது காவல்துறைக்கும் வழக்கறிஞருக்கும், நம்பிக்கையான இரண்டு மூன்று பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறிமுகம் இல்லாத லாட்ஜில் யாருக்கும் சொல்லாமல் தங்கியிருப்பவர்களைக் காப்பாற்ற நினைப்பவர்களால்கூட நெருங்க முடியாது.

வெட்டுப்பட்ட மூன்றாம் நாள்

இதையெல்லாம் கதை சொல்வதற்காக எழுதவில்லை. பழநியில் மணமுடித்து எட்டு மாதம் ஆன ஒரு ஜோடியை, 2016 மார்ச் 13-ஆம் தேதி, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டினார்கள். கணவன் இறந்தான், அவன் 22 வயது தலித் மாணவன். 2023 நவம்பரில், மணமாகி மூன்றே நாள் ஆன ஒரு தம்பதி தூத்துக்குடி நகரிலேயே, குடியிருந்த வீட்டுக்குள் புகுந்து வெட்டிக் கொல்லப்பட்டனர். சாதியைவிடப் பண வேறுபாடுதான் அங்கே காரணமாகப் பேசப்பட்டது. 2025 ஜூலையில் இந்த மாவட்டத்தைச் சேர்ந்த 27 வயது தலித் மென்பொருள் பொறியாளர் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் கல்யாணம்கூட செய்துகொள்ளவில்லை. ஒரு பெண்ணோடு பழகினார் என்பதே போதுமானதாக இருந்தது.

2024 ஜூனில் திருநெல்வேலியில் சாதி மறுப்புத் திருமணம் ஒன்றை நடத்திவைத்ததற்காக மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்தையே அடித்து நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டு, தங்கள் கட்சி அலுவலகங்கள் எல்லாம் இப்படிப்பட்ட திருமணங்களுக்குத் திறந்திருக்கும் என்று அதன் மாநிலச் செயலாளர் பெ. சண்முகம் அறிவித்தார். ஒரு கட்சி செய்ய முடிந்த இதை, ஊர் ஊராக அலுவலகமும் சம்பளமும் வைத்திருக்கும் அரசு ஏன் செய்யக் கூடாது?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம் இருக்கிறது; பணத்தோடு தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் தருகிறார்கள். புது வாழ்க்கை தொடங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த உதவிக்கு விண்ணப்பிக்கும் வரை உயிரோடு இருக்க வேண்டுமே.

உசிலம்பட்டியில் 2014-இல் சாதி மறுத்து மணந்த இளம்பெண் ஒருத்தி இறந்துபோன வழக்கில், 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூகநலத் துறை அதிகாரி, ஆதிதிராவிடர் நலத்துறை அதிகாரி ஆகியோரைக் கொண்ட சிறப்புப் பிரிவு, 24 மணி நேரத் தொலைபேசி. அந்த உத்தரவில் எனக்குப் பிடித்தது, பெற்றோருக்கும் ஆலோசனை தர வேண்டும் என்று அவர் சேர்த்திருந்ததுதான். மகள் போய்விட்டாள் என்று தெரிந்த இரவில் ஒரு தகப்பன் தனியாக இருப்பதில்லை. ‘இதைச் சும்மா விடுறதா?’ என்று கேட்க வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். சாதிச் சங்கத்துக்காரர் வருகிறார். அந்த இரவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் பெண் நன்றாக இருக்கிறாள், பத்து நாள் கழித்துப் பேசலாம் என்று சொல்ல யாரும் வருவதில்லை. நம்பிராஜனுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு நம் ஊர் அப்பாக்களுக்கும் கிடைக்க வேண்டும். கொலை செய்துவிட்டுச் சிறைக்குப் போகிறவருக்கு மகளும் இல்லை, மானமும் இல்லை.

சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவரப் பரிந்துரைகள் தர, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபர் 17 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கொலைக்குப் பிறகான தண்டனையைச் சட்டம் கூட்டலாம், கூட்டட்டும். கொலைக்கு முன்னால் இருக்கிற அந்தச் சில நாட்களை யார் கையில் ஒப்படைப்பது என்பதற்கும் அது பதில் சொல்ல வேண்டும். முகூர்த்த நாட்களில் திருச்செந்தூர், பழநி போன்ற கோயில்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஒரு மேஜை, பக்கத்தில் ஒரு பெண் காவலர், அன்றே பதிவுக்கு விண்ணப்பிக்க ஒரு கணினி. இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலரின் சான்றுக்குப் பதிலாக மணமக்களின் உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்பதற்கு அறநிலையத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் வந்து அந்த ஆணையம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: 2016-இல் உயர் நீதிமன்றம் அமைக்கச் சொன்ன சிறப்புப் பிரிவின் தொலைபேசி எண், இங்கே கல்லூரியில் படிக்கிற பெண்களில் எத்தனை பேரின் செல்போனில் இருக்கிறது?